பல காதல்கள், ஒரே திரைக்கதை: பின்னிப் பிணைந்த காதல் நகைச்சுவைப் படம் எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரே படத்தில் நான்கைந்து காதல்களைச் சொல்ல விரும்புபவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, தனித்தனியாக நான்கைந்து காதல் கதைகளை யோசித்து, அவற்றைக் காட்சி காட்சியாகப் பிரித்து, மாற்றி மாற்றி அடுக்குவதுதான். அப்படி அடுக்கிய திரைக்கதை தாளில் படிக்கும்போது நன்றாகவே இருக்கும். திரையில் பார்க்கும்போதுதான் குறை தெரியும். பார்வையாளர் தனக்குப் பிடித்த ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார். அந்த ஜோடி மறுபடியும் எப்போது வரும் என்று காத்திருக்கிறார். மற்ற ஜோடிகளின் காட்சிகள் எல்லாம் அவருக்கு இடையூறாகிவிடுகின்றன.

இந்தச் சிக்கலுக்கு ஒரே தீர்வுதான் உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு ஜோடி எடுக்கும் முடிவு இன்னொரு ஜோடியின் பிரச்சினையாக மாற வேண்டும். ஒருவருடைய நிம்மதி வேறொருவருடைய தவிப்புக்குக் காரணமானால், பார்வையாளர் எந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் எல்லா ஜோடிகளையும் சேர்த்தே நினைத்துக்கொண்டிருப்பார். இந்த வழிகாட்டியின் ஒவ்வொரு படியும் அந்த ஒன்றைச் சாதிப்பதற்காகவே எழுதப்பட்டது.

முதல் படி: வடிவத்தை முடிவு செய்தல்

பல காதல்களை ஒரு கதைக்குள் கொண்டுவர மூன்று வடிவங்கள் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கின்றன. முதலாவது சங்கிலி. ஆஸ்திரிய எழுத்தாளர் ஆர்தர் ஷ்னிட்ஸ்லர் 1897-இல் எழுதிய 'ரைகன்' நாடகத்தில் பத்துப் பாத்திரங்கள், பத்துக் காட்சிகள். ஒவ்வொரு காட்சியிலும் இருவர் சந்திக்கிறார்கள், அவர்களில் ஒருவர் அடுத்த காட்சிக்கு நகர்ந்து புதிய ஒருவரைச் சந்திக்கிறார், பத்தாவது காட்சியில் முதற்காட்சியின் பெண் திரும்பி வர வட்டம் நிறைவடைகிறது. கட்டமைப்பாக இது மிகவும் நேர்த்தியானது. ஆனால் ஒவ்வொருவரும் இரண்டு காட்சிகளோடு விடைபெற்றுவிடுவதால், ஒரு ஜோடியின் மீது நாம் மெல்ல மெல்லப் பாசம் வைக்க இதில் இடமில்லை; காதல் நகைச்சுவைக்கு அந்தப் பாசம்தான் மூலதனம்.

இரண்டாவது மையம். எல்லோரும் ஒரே இடத்தில் தங்குகிறார்கள் அல்லது ஒரே நிகழ்வுக்கு வருகிறார்கள். 1932-இல் வெளிவந்த 'கிராண்ட் ஹோட்டல்' என்ற ஆங்கிலப் படம் பெர்லினில் உள்ள ஒரு விடுதியை மையமாக வைத்துப் பலருடைய வாழ்வைச் சொன்னது. மையம் இருந்தால் பாத்திரங்கள் எதிர்ப்படுவதற்குத் தனியாகக் காரணம் தேட வேண்டியதில்லை. ஆனால் எதிர்ப்படுவது வேறு, பாதிக்கப்படுவது வேறு என்பதை மறந்துவிடக் கூடாது.

மூன்றாவது வலை. இதற்குத் தமிழில் ஸ்ரீதர் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது. அசோக் தன்னைப் பணக்காரன் வீட்டுப் பிள்ளையாகக் காட்டிக்கொள்ள ஒரு தந்தை தேவைப்படுகிறார். நண்பன் வாசு வயதான வேடம் போட்டுத் தந்தையாக வந்து நிற்கிறான். அசோக் காதலிக்கும் பெண்ணின் வீட்டில் இருக்கும் இன்னொரு மகள் வாசுவின் காதலியாகவே இருக்கிறாள். நண்பனின் காதல் பிழைக்க வேண்டுமானால் வேடம் நீடிக்க வேண்டும், தன் காதல் பிழைக்க வேண்டுமானால் வேடம் கலைய வேண்டும். ஒரே பொய் இரண்டு காதல்களையும் எதிரெதிர்த் திசைகளில் இழுக்கிறது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் படம் சலிக்காமல் இருப்பதற்கு நாகேஷும் பாலையாவும் எவ்வளவு காரணமோ, இந்தக் கட்டுமானமும் அவ்வளவு காரணம்.

வலையைத் தேர்ந்தெடுங்கள், அதைத் தாங்கிக்கொள்ள ஒரு மையத்தையும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: களமும் கெடுவும்

மையம் என்பது வெறும் இடமாக மட்டும் இருந்தால் போதாது, அந்த இடத்தில் வழக்கமான ஏதோ ஒன்று குலைந்திருக்க வேண்டும். வழக்கம் குலையும்போதுதான் மனிதர்கள் வழக்கமாகப் பேசாதவர்களிடம் பேசுவார்கள், வழக்கமாகச் செய்யாததைச் செய்வார்கள். அதோடு, குலைந்தது சரியாவதற்கு ஒரு கெடுவும் தேவை. 'லவ் ஆக்சுவலி' (2003) என்ற ஆங்கிலப் படம் கிறிஸ்துமஸுக்கு ஐந்து வாரங்கள் முன்னதாகத் தொடங்கி, வாரம் வாரமாக எண்ணிக்கொண்டே போகிறது. ஒன்றோடொன்று அதிகம் தொடர்பில்லாத அதன் கதைகள் எல்லாம் ஒரே திசையில் ஓடுவதுபோலத் தோன்றுவதற்கு அந்த நாட்கணக்குப் பெரிதும் துணைநிற்கிறது.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கதையை இங்கே கட்டிக்கொள்வோம். இனி வரும் படிகளில் அதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம். ஐந்து மாடிகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்ட் பழுதாகிவிடுகிறது. உதிரிபாகம் வந்து சேர ஒரு வாரம் ஆகும். அந்த வாரம் முழுவதும் எல்லோரும் மாடிப்படிகளில் ஏறி இறங்கியாக வேண்டும். களம் மாடிப்படி, குலைந்தது லிஃப்ட், கெடு ஏழு நாட்கள்.

மூன்றாம் படி: ஜோடிகளைத் தேர்ந்தெடுத்தல்

ஜோடிகளை வயதாலோ தொழிலாலோ வேறுபடுத்தினால் போதும் என்று நினைப்பது இங்கே அடிக்கடி நிகழும் பிழை. இருபத்தைந்து வயதில் நான்கு ஜோடிகள் இருந்தாலும் தவறில்லை, அவர்கள் காதலின் ஒரே கட்டத்தில் நிற்பதுதான் தவறு. தொடங்கப்போகும் காதல், தொடங்கிச் சொல்லப்படாமல் இருக்கும் காதல், பழகிப்போய்க் கண்ணுக்குத் தெரியாமல் போன காதல், முறியும் நிலையில் இருக்கும் காதல், ஒருதலையாகவே நின்றுவிட்ட காதல் என்று கட்டங்கள் பல. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கட்டத்தைக் கொடுங்கள். அதேபோலத் தடைகளும் வேறுபட வேண்டும். இரண்டு ஜோடிகளுக்குத் தடை பெற்றோர்தான் என்றால் அவற்றில் ஒன்று வேண்டியதில்லை.

நம் கதையில் நான்கு ஜோடிகள். நான்காம் மாடியில் தங்கையோடு குடியிருக்கும் நித்யாவும், லிஃப்டைப் பழுதுபார்க்க வரும் கதிரும்: தாமதத்தைப் பற்றித் தினமும் நடக்கும் சண்டையிலிருந்து தொடங்கும் காதல். மூன்றாம் மாடியில் ராகவன், சுமதி: திருமணமாகி இருபத்திரண்டு ஆண்டுகள், சுமதிக்கு வேறு ஊரில் பதவி உயர்வோடு கூடிய மாற்றல் வந்திருக்கிறது, அதை இன்னும் கணவரிடம் சொல்லவில்லை. ஐந்தாம் மாடியில் மரகதம், தரைத்தளத்தில் சுந்தரம்: இருவரும் துணையை இழந்தவர்கள், காலை நடைக்கு ஒன்றாகச் செல்பவர்கள்; லிஃப்ட் நின்றதும் முழங்கால் வலியால் அவரால் இறங்க முடியாது, இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டதால் இவரால் ஏற முடியாது. நான்காவது ஜோடி, ராகவனின் மகன் விக்கியும் நித்யாவின் தங்கை தாராவும்: அவன் சொல்லத் தெரியாமல் தவிக்கிறான்.

ஒவ்வொரு பாத்திரத்தைப் பற்றியும் இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவர் வெளிப்படையாக வேண்டுவது என்ன? அதைப் பெறுவதற்காக எதை மறைக்கிறார்? இரண்டாவது கேள்விக்கு விடை இல்லாத பாத்திரத்தால் நகைச்சுவை பிறக்காது. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்: மறுத்த பெண்ணை விடாமல் துரத்துவதை நகைச்சுவையாக எழுதாதீர்கள். அது பார்வையாளர்களில் பாதிப்பேருக்கு அச்சத்தைத்தான் தரும், அதன்பின் அந்த ஜோடி சேர வேண்டும் என்று அவர்கள் மனம் விரும்பவே விரும்பாது.

நான்காம் படி: முடிச்சுகளைப் போடுதல்

முழுத் திரைக்கதையின் உயிரும் இந்தப் படியில்தான் இருக்கிறது. எவ்வளவு நாள் ஆனாலும் இதை முடிக்காமல் ஒரு காட்சியைக்கூட எழுதத் தொடங்காதீர்கள்.

ஒரு பெரிய தாளில் எல்லாப் பாத்திரங்களின் பெயர்களையும் வட்டமாக எழுதிக்கொள்ளுங்கள். உறவுகளைக் கோடுகளால் இணையுங்கள்: அண்ணன் தங்கை, அண்டை வீட்டார், மேலதிகாரி, முன்னாள் காதலர். இந்தக் கோடுகள் வெறும் அறிமுகங்கள். அவற்றின் மேல் வேறொரு நிறத்தில் அம்புக்குறிகளைப் போட வேண்டும். ஒவ்வோர் அம்புக்குறிக்கும் "இவர் இதைச் செய்ததால் அவருக்கு இது நேர்ந்தது" என்று ஒரு முழு வாக்கியம் எழுத முடிய வேண்டும். வாக்கியம் எழுத முடியாத இடத்தில் அம்புக்குறி போடக் கூடாது. "இருவரும் ஒரே பேருந்தில் செல்கிறார்கள்" என்பது கோடு. "இவர் பேருந்தை நிறுத்தி வைத்ததால் அவர் நேர்காணலைத் தவறவிட்டார்" என்பது அம்புக்குறி.

முடிச்சுப் போடுவதற்கு நான்கு கருவிகள் பெரும்பாலும் கைகொடுக்கும். ஒன்று பொய். மேலே சொன்ன தந்தை வேடம் அதற்கு உதாரணம். இரண்டாவது தவறு. ஷேக்ஸ்பியர் 1590-களில் எழுதிய 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகத்தில், உறங்கும் காதலர்களில் தவறான ஒருவனின் கண்ணில் மந்திரச்சாறு பிழியப்படுகிறது. அதன் விளைவுகள் தொடரத் தொடர, இரண்டு ஆண்களும் ஒருத்தியைக் காதலித்துக்கொண்டிருந்த நிலை மாறி, அதுவரை யாரும் சீண்டாத மற்றவளை இருவரும் துரத்தும் நிலை வந்துவிடுகிறது. ஒரு சிறு தவறு நான்கு பேருடைய நிலையையும் புரட்டிவிடுவதைக் கவனியுங்கள். மூன்றாவது, கைமாறும் பொருள். நான்காவது, ஒருவருக்கு இலாபமும் மற்றவருக்கு நட்டமுமாகும் ஒரே நிகழ்வு.

நம் கதையில் கைமாறும் பொருள் ஒரு கடிதம். கீழே இறங்க முடியாத மரகதத்துக்குச் சுந்தரம் கடிதம் எழுதி, அதை விக்கியிடம் கொடுத்தனுப்புகிறார். விக்கி அதைப் படித்துவிடுகிறான். தனக்குச் சொல்லத் தெரியாததை எல்லாம் அந்த முதியவர் அழகாக எழுதியிருப்பதைக் கண்டு, அதிலிருந்து நான்கு வரிகளை எடுத்துத் தாராவுக்கு அனுப்புகிறான். இரண்டு ஜோடிகள் இணைந்துவிட்டன. அன்று விக்கி அணிந்திருந்தது அப்பாவின் நீலச் சட்டை. கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க மறந்து சட்டைப்பையிலேயே விட்டுவிடுகிறான். துவைக்க எடுத்த சுமதி அதைப் படிக்கிறாள். பெயரோ கையொப்பமோ இல்லாத, "காலையில் உங்களைப் பார்க்காத நாள் விடிந்ததாகவே தோன்றுவதில்லை" என்று தொடங்கும் கடிதம் கணவரின் சட்டையில். அதை யாரோ ஒரு பெண் ராகவனுக்கு எழுதியதாக நினைத்துக்கொள்கிறாள். வேண்டாம் என்று மனத்துக்குள் ஏறக்குறைய முடிவு செய்திருந்த மாற்றலை அந்த வேதனையில் ஏற்றுக்கொள்கிறாள். மேலே மரகதமோ, சுந்தரத்திடமிருந்து ஏதாவது செய்தி வரும் என்று காத்திருந்து, வராததால் சுந்தரத்துக்கு மனம் மாறிவிட்டது என்று எண்ணிக்கொள்கிறார். ஒரு காகிதம், ஒரு மறதி, மூன்று ஜோடிகள்.

எஞ்சியிருக்கும் நித்யா, கதிர் ஜோடியை நிகழ்வால் கட்டுவோம். உதிரிபாகம் ஐந்தாம் நாளே வந்துவிடுகிறது. லிஃப்ட் சரியாகிவிட்டால் நித்யாவைப் பார்க்கக் காரணம் இருக்காது என்பதால், கதிர் "நாளைக்குத்தான் வரும்" என்று ஒரேயொரு நாள் தள்ளிப்போடுகிறான். அந்த ஆறாம் நாள் காலைதான் சுந்தரத்தின் மகள் வந்து அவரைத் தன் ஊருக்கே அழைத்துச் செல்லவிருக்கிறாள். கதிர் தனக்காகத் திருடிக்கொண்ட ஒரு நாள், மரகதம் கீழே இறங்கி வந்து பேசியிருக்கக்கூடிய நாள். கதிரும் நித்யாவும் ஐந்தாம் நாள் மாலை படியில் உட்கார்ந்து சிரித்துப் பேசும் காட்சியைப் பார்வையாளர் மகிழ்ந்து பார்ப்பார், அதே வேளையில் மேல்மாடிக் கதவு ஒன்று மூடியே இருப்பதையும் நினைத்துக்கொள்வார்.

முடிச்சுகள் போட்டு முடிந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு ஜோடியை முழுவதுமாகக் கதையிலிருந்து எடுத்துவிட்டுப் பாருங்கள். மற்ற ஜோடிகளின் கதை எந்த மாற்றமும் இன்றி அப்படியே நடக்குமானால், அந்த ஜோடி படத்துக்கு வேண்டாதது. ஒன்று அதைக் கட்டுங்கள், அல்லது எடுத்துவிடுங்கள். எவ்வளவு அழகான காதலாக இருந்தாலும் சரி.

தற்செயலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சிக்கலை உருவாக்கத் தற்செயலைப் பயன்படுத்தலாம், பார்வையாளர் மன்னிப்பார். சிக்கலைத் தீர்க்கத் தற்செயலைப் பயன்படுத்தினால் மன்னிக்க மாட்டார். கடிதம் சட்டைப்பையில் தங்கிப்போவது ஏற்கத்தக்கது. உண்மை வெளிப்படுவது யாரோ ஒருவர் துணிந்து எடுக்கும் முடிவால்தான் நடக்க வேண்டும்.

ஐந்தாம் படி: நேரத்தைப் பங்கிடுதல்

வழக்கமான திரைக்கதை வடிவத்தில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்று கணக்கிடுவார்கள். 130 நிமிடப் படத்தில் நான்கு ஜோடிகளுக்கும் சமமாகப் பங்கிட்டால் எந்த ஜோடியும் முதன்மை பெறாது, படத்துக்கு முதுகெலும்பு இருக்காது. நித்யா, கதிருக்கு 40 நிமிடங்கள். சுமதி, ராகவனுக்கு 30. விக்கி, தாராவுக்கு 25. மரகதம், சுந்தரத்துக்கு 20. எல்லோரும் கூடும் காட்சிகளுக்கு 15. ஒரு காட்சி சராசரியாக இரண்டரை நிமிடம் என்றால் மொத்தம் 52 காட்சிகள், அவற்றில் முதியவர்களுக்கு எட்டுக் காட்சிகள் மட்டுமே.

எட்டுக் காட்சிகளில் ஒரு காதலைச் சொல்ல முடியுமா என்று தயங்க வேண்டாம். குறைந்த நேரம் பெறும் ஜோடிதான் பல நேரங்களில் ஆழமாகப் பதிகிறது. அவர்கள் திரையில் இல்லாதபோதும் மற்றவர்களின் செயல்கள் அவர்களைப் பாதித்துக்கொண்டே இருந்தால், பார்வையாளரின் மனத்தில் அவர்களுடைய கதை ஓடிக்கொண்டே இருக்கும். ஐந்து ஜோடிகளுக்கு மேல் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்குமேல் ஒவ்வொரு ஜோடிக்கும் கிடைப்பது அறிமுகமும் முடிவும் மட்டுமே, இடையில் மாறுவதற்கு நேரம் இருக்காது.

ஆறாம் படி: யாருக்கு என்ன தெரியும் என்ற பட்டியல்

இந்த வகைப் படத்தில் சிரிப்பு பெரும்பாலும் வசனத்திலிருந்து வருவதில்லை. பார்வையாளருக்குத் தெரிந்ததும் பாத்திரத்துக்குத் தெரியாததுமான இடைவெளியிலிருந்தே வருகிறது. எனவே ஒரு பட்டியல் போடுங்கள். இடப்பக்கம் ஒவ்வொரு காட்சியின் எண். மேலே ஒவ்வொரு பாத்திரத்தின் பெயர். கட்டங்களில் அந்தக் காட்சியின் முடிவில் அவருக்கு எந்த இரகசியம் தெரியும், எதைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்ற குறிப்பு. கடைசி நெடுவரிசை பார்வையாளருக்கானது. அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் திரைக்கதையில் நுழையும் முரண்பாடுகளில் பெரும்பகுதி இந்தப் பட்டியலில் அகப்பட்டுவிடும்.

பட்டியல் எப்படிக் காட்சியாக மாறுகிறது என்பதை அருகிலிருந்து பார்ப்போம். சுமதி கடிதத்தைப் படித்துவிட்டாள். ராகவனுக்கு எதுவும் தெரியாது. கடிதம் எங்கே என்று விக்கிக்கு இன்னும் நினைவுக்கு வரவில்லை. மூவரும் காலையில் ஒரே மேசையில் இருக்கிறார்கள்.

சுமதி: "என்னங்க, அந்த நீலச் சட்டையைத் துவைக்கப் போடட்டுமா?"
ராகவன் (செய்தித்தாளிலிருந்து தலையெடுக்காமல்): "போடேன்."
சுமதி: "பாக்கெட்ல முக்கியமா ஏதாவது இருக்கான்னு பாத்துக்குங்க."
ராகவன்: "இருந்தா நீயே எடுத்து பத்திரமா வச்சிடு. உனக்குத் தெரியாதது என்ன இருக்கு?"
விக்கி (சட்டென்று எழுந்து): "அம்மா, அந்தச் சட்டையை நான் துவைக்கிறேன்!"

இருவரும் அவனைத் திரும்பிப் பார்க்கிறார்கள். இந்த ஐந்து வரிகளில் தனியாக நகைச்சுவை என்று எதுவும் இல்லை. ராகவனின் கடைசி வாக்கியம் அவரைப் பொறுத்தவரை முழு அன்போடு சொல்லப்பட்டது. சுமதிக்கு அது நெஞ்சழுத்தமாகக் கேட்கிறது. விக்கி வாழ்நாளில் முதன்முறையாகத் துணி துவைக்க முன்வருவதற்கான காரணம் நமக்கு மட்டும் தெரியும். சிரிப்பும் வருத்தமும் ஒரே நேரத்தில் வருகின்றன. இந்தக் காட்சியில் கூடுதலாக ஒரு கேலி வசனத்தைச் சேர்த்தால் கெட்டுவிடும்.

புரிதல் பிழையை எவ்வளவு நேரம் நீட்டலாம்? ஒரே ஒரு நேரடிக் கேள்வியால் தீர்ந்துவிடக்கூடிய குழப்பத்தை, பாத்திரங்கள் காரணமின்றிக் கேட்காமல் இருப்பதால் மட்டுமே நீட்டினால் பார்வையாளர் பொறுமை இழப்பார். கேட்காமல் இருப்பதற்கு அவர்களுக்கே உரிய காரணம் வேண்டும். சுமதி கேட்காததற்குக் காரணம், அவளும் மாற்றல் செய்தியை மறைத்து வைத்திருக்கிறாள். கேட்டால் தன் இரகசியமும் வெளிவரும். மூன்றாம் படியில் எழுதிய "எதை மறைக்கிறார்" என்ற விடை இங்கேதான் பயன்படுகிறது.

ஏழாம் படி: காட்சிகளை அடுக்குதல்

ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு நிறம் என்று அட்டைகளில் காட்சிகளைச் சுருக்கமாக எழுதி, சுவரில் ஒட்டிப் பாருங்கள். ஒரு நிறம் பதினைந்து நிமிடங்களுக்கு மேல் கண்ணில் படாமல் போனால் அந்த ஜோடியைப் பார்வையாளர் மறக்கத் தொடங்குவார். ஒரே நிறம் தொடர்ந்து மூன்று அட்டைகள் வந்தால் மற்றவர்கள் தளர்ந்துபோவார்கள்.

மிகக் கடினமான பகுதி முதல் பதினைந்து நிமிடங்கள். எட்டுப் பேரை அறிமுகம் செய்ய வேண்டும், பெயர்கள் யாருக்கும் நினைவிருக்காது. ஒருவருக்கு ஓர் அறிமுகக் காட்சி என்ற முறையைக் கைவிடுங்கள். எல்லோரையும் ஒரே நிகழ்வுக்கு வெவ்வேறு விதமாக எதிர்வினை செய்ய வையுங்கள். லிஃப்ட் நின்ற அந்தக் காலையில் மரகதம் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். நித்யா நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து வாதாடுகிறாள். ராகவன் தனக்குத் தெரிந்தது என்று பொத்தான்களைக் கழற்றப் பார்க்கிறார். சுமதி ஒன்றும் சொல்லாமல் படிகளில் இறங்கிவிடுகிறாள். கீழே சுந்தரம் நடைக்குரிய காலணியை அணிந்து நின்றுகொண்டே இருக்கிறார். பெயர் பதியாவிட்டாலும் ஆள் பதிந்துவிடுவார்.

ஒரு ஜோடியிலிருந்து இன்னொரு ஜோடிக்குத் தாவும் இடங்களைக் கவனமாக எழுதுங்கள். ஒரு காட்சியில் எழும் கேள்விக்கு அடுத்த காட்சியில் வேறொரு ஜோடி அறியாமலே விடை சொல்வதுதான் மிக வலிமையான தாவல். கேள்வி உச்சத்தில் இருக்கும்போதே வெட்டிவிட வேண்டும். விடை கிடைத்தபின் வெட்டினால் அந்த ஜோடிக்குத் திரும்பி வரப் பார்வையாளருக்கு ஆவல் இருக்காது. பாடல் உள்ள படமென்றால், ஒரு பாடலுக்குள் நான்கு ஜோடிகளையும் தொட்டுச் செல்லும் வசதி கிடைக்கிறது. அதை அழகுக்காக மட்டும் வீணாக்காமல், பாடல் முடியும்போது ஏதேனும் ஒரு ஜோடியின் நிலையாவது மாறியிருக்கும்படி எழுதுங்கள். இடைவேளையை சுமதி கடிதத்தைக் கண்டெடுக்கும் இடத்தில் வைப்பேன், ஏனென்றால் அந்தக் கணத்தில் மூன்று ஜோடிகளின் கதை ஒரே நேரத்தில் திசை மாறுகிறது.

எட்டாம் படி: வசனம்

ஜோடிகள் பல என்பதால் பேச்சும் பலவாக இருக்க வேண்டும். பெயர்களை மறைத்துவிட்டு ஒரு பக்கத்தைப் படித்தால் யார் பேசுகிறார்கள் என்பது தெரிய வேண்டும். மரகதமும் சுந்தரமும் கடைசிவரை ஒருவரையொருவர் "நீங்கள்" என்றே அழைப்பார்கள், அந்த மரியாதைக்குள்ளேயே நெருக்கம் இருக்கும். நித்யாவும் கதிரும் எந்தச் சண்டையின் நடுவே "நீங்க" என்பதிலிருந்து "நீ" என்பதற்கு வந்துவிட்டார்கள் என்பதை ஒரு காட்சியாகவே எழுதலாம். முதியவர்களின் காதலைக் கேலிப்பொருளாக்கும் வசனங்களை யார் வாயிலும் வைக்காதீர்கள். எளிதாகச் சிரிப்பு வரும், கதையின் மேல் உள்ள நம்பிக்கை போய்விடும்.

ஒன்பதாம் படி: உச்சக்காட்சி

எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டி, எல்லா இரகசியங்களையும் ஒரே நேரத்தில் போட்டு உடைப்பதுதான் வழக்கம். நன்றாக எழுதினால் அதுவும் பலிக்கும், ஆனால் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்தும் கூச்சலாக முடிந்துவிடும் ஆபத்து அதிகம். அதைவிட, ஒரே ஒரு செயல் எல்லா ஜோடிகளின் வழியாகவும் கடந்து செல்லும்படி அமைப்பது தெளிவாக இருக்கும்.

ஆறாம் நாள் காலை. சுந்தரத்தின் பெட்டிகள் வண்டியில் ஏறிக்கொண்டிருக்கின்றன. மரகதம் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஐந்தாம் மாடியிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கத் தொடங்குகிறார். நான்காம் மாடியில் நித்யா ஓடிவந்து தாங்கிப் பிடிக்கிறாள், லிஃப்ட் ஏன் இன்னும் சரியாகவில்லை என்று கதிரிடம் சீறுகிறாள். அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்த கதிர், பாகம் நேற்றே வந்துவிட்டது என்று தானாகவே ஒப்புக்கொள்கிறான். மூன்றாம் மாடியில் விக்கி எல்லோர் முன்னிலையிலும் கடிதத்தைக் கேட்டு அம்மாவிடம் கை நீட்டுகிறான். சுமதி அதை உரியவரிடம் கொடுக்கும்போது, தான் இத்தனை நாளாகச் சுமந்தது வேறொருவருடைய அன்பு என்பதை உணர்கிறாள். தாராவுக்கு அந்த நான்கு வரிகள் யாருடையவை என்பது அதே படியில் தெரிகிறது. மாடிகள் இறங்க இறங்க உண்மைகள் வரிசையாக வெளிவருகின்றன. களமே உச்சக்காட்சிக்கு ஒழுங்கு தந்துவிடுகிறது. இவற்றில் ஒன்றுகூடத் தற்செயல் இல்லை, ஒவ்வொன்றும் ஒருவர் துணிந்து எடுத்த முடிவு.

எல்லா ஜோடிகளையும் ஒரே நிமிடத்தில் சேர்த்துவைக்காதீர்கள். மரகதம் சுந்தரத்தைச் சந்திக்கட்டும். நித்யா கதிரை மன்னிக்க இன்னும் சில நாட்கள் ஆகட்டும். சுமதி ஏற்றுக்கொண்ட மாற்றல் உண்மையானது. தவறான புரிதல் நீங்கியதும் அதுவும் தானாக நீங்கிவிடுமென்றால் அவளுடைய முடிவுக்கு மதிப்பில்லை. அவள் அந்த வேலைக்குப் போகலாம், ராகவன் அவளோடு போவதா இங்கேயே இருப்பதா என்று முதன்முறையாக அவளைக் கேட்கலாம். தாரா, கடன் வாங்கிய வரிகளை ஏற்க மறுத்து, விக்கியைச் சொந்தமாக எழுதச் சொல்லலாம். ஒரு ஜோடியாவது சேராமல் போனால் மற்றவர்கள் சேர்வது உண்மையாகத் தோன்றும் என்பதால், எழுதும்போது எந்த ஜோடி பிரிய வேண்டும் என்ற கேள்வியையும் நேர்மையாகக் கேட்டுப் பாருங்கள்.

பத்தாம் படி: வெட்டுதலும் படிக்கக் கேட்டலும்

முதல் வரைவு முடிந்ததும் ஒவ்வொரு ஜோடியின் காட்சிகளையும் தனியே பிரித்தெடுத்துத் தொடர்ச்சியாகப் படியுங்கள். அது தனியாகவே ஒரு முழுக்கதையாக இருக்க வேண்டும்: தொடக்கம், மாற்றம், முடிவு. பிறகு மொத்தமாகப் படியுங்கள். தனியே நன்றாக இருந்த காட்சி மொத்தத்தில் தொய்ந்தால், அதற்கு முன்னால் வரும் வேறு ஜோடியின் காட்சியும் அதே உணர்ச்சியில் முடிந்திருக்கும். இடத்தை மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

வெட்டத் தயங்காதீர்கள். 'லவ் ஆக்சுவலி'யில் ஒரு பள்ளித் தலைமையாசிரியையும் அவருடைய துணையும் இடம்பெறும் காதல் இழை படமாக்கப்பட்ட பிறகும் இறுதித் தொகுப்பில் முழுவதுமாக நீக்கப்பட்டது. அதை எடுத்த பின்பும் மற்ற கதைகள் குலையாமல் நின்றன. படப்பிடிப்புக்குப் பின் ஓர் இழையை எடுத்தெறிவதைவிட, தாளில் இருக்கும்போதே எடுத்துவிடுவது எவ்வளவோ மேல். நான்காம் படியின் சோதனையை ஒவ்வொரு வரைவுக்குப் பின்னும் மறுபடியும் செய்யச் சொல்வது அதனால்தான்.

கடைசியாக, கதை தெரியாத நான்கைந்து பேரை உட்கார வைத்து, பாத்திரங்களைப் பிரித்துக் கொடுத்து, முழுத் திரைக்கதையையும் உரக்கப் படிக்கச் செய்யுங்கள். நீங்கள் படிக்காமல் அவர்களுடைய முகங்களைக் கவனித்துக்கொண்டிருங்கள். படித்து முடித்ததும் பிடித்திருக்கிறதா என்று கேட்க வேண்டாம். நடந்தவற்றை நினைவிலிருந்து சொல்லச் சொல்லுங்கள். "கதிர் ஒரு நாள் தள்ளிப்போட்டதால் அந்தப் பாட்டி இறங்கி வர வேண்டியதாகிவிட்டது" என்று ஒரு ஜோடியின் கதையைச் சொல்லும்போதே இன்னொரு ஜோடிக்குள் அவர்கள் நுழைந்துவிட்டால் முடிச்சுகள் பிடித்திருக்கின்றன. "அப்புறம் இன்னொரு ஜோடி இருந்தது" என்று தொடங்கினால், அந்த ஜோடியை எடுத்துக்கொண்டு மறுபடியும் நான்காம் படிக்குச் செல்லுங்கள்.